மூன்று முறை ஆடாத சக்கரம்

5

ஹட்டன் பஜாரில் ஒரு தையல் கடைக்கு மேல்மாடியில் இருந்தது சுதர்ஷினியின் துப்பறியும் அலுவலகம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு அதன் படிகளில் ஒரு வழக்கு மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தது. வழக்குக்கு வயது அறுபத்திரண்டு. பெயர் இப்றாஹிம். பஜாரிலேயே ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர், கூடவே ஒரு பழைய ஸ்கூல் வேனுக்கும் சொந்தக்காரர்.

"ஒக்காருங்க முதலாளி," என்றான் உதவியாளன் நிரோஷன். "அந்தக் கதிரை வேணாம். அதுல ஒரு காலக் காணோம். அந்தக் கேஸும் எங்ககிட்டதான் இருக்கு, இன்னும் முடியல."

சுதர்ஷினி சிரிக்கவில்லை. பதினோரு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து மனுக்களைப் படித்துவிட்டு நாற்பதாவது வயதில் இந்த அலுவலகத்தைத் திறந்தவள் அவள். 'எதிரே மரம் வேகமாக வந்தது' என்று எழுதியிருந்த மனுவைக்கூட முகம் மாறாமல் படித்து முடித்தவள். நிரோஷனின் பகிடியெல்லாம் அவளிடம் எடுபடாது.

"சொல்லுங்க முதலாளி."

"எனக்கு ஒரு பொய்காரன கண்டுபிடிச்சித் தரணும் மகள்."

"எத்தன பேர்ல?"

"நாலு பேர்ல. மூணு பேர் மெக்கானிக் பாஸ்மார். ஒருத்தன் என்ட டிரைவர்."

டிரைவரின் பெயர் சிவசாமி. பத்தொன்பது வருடமாக இப்றாஹிமிடம் வேன் ஓட்டுகிறார். ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. அப்படிப்பட்டவர் போன செவ்வாய்க்கிழமை காலை, கொட்டகலைக்குக் கீழே ஒரு வளைவில் வேனை ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறக்கிவிட்டார். உள்ளே பதினாலு பிள்ளைகள். பதின்மூன்று பேருக்குப் பயம், ஒரு பிள்ளைக்குக் கை முறிவு.

"அவர் என்ன சொல்றாரு?"

"முன் டயர் ஆடுதாம். வளைவுல வேன் தானா இழுக்குதாம். ஒரு மாசமா இதே பாட்டுத்தான். நானும் சும்மா இருக்கல மகள். முதல்ல டிக்கோயாவுல காட்டினேன். பொறகு கொட்டகலையில காட்டினேன். ஆக்சிடெண்டுக்குப் பொறகு இங்க விஜிதரன் பாஸ்கிட்ட விட்டிருக்கேன். மூணு பேரும் ஜாக்கியில தூக்கி ஆட்டிப் பாத்தாங்க. ஒரு நூல்கூட ஆடல."

"அவங்க காரணம் ஒன்னும் சொல்லலயா?"

"ஒருத்தர் காத்தைக் கூட்டச் சொன்னாரு. ஒருத்தர் ரோடு சரியில்லன்னாரு. விஜிதரன் டிரைவர மாத்தச் சொல்றாரு."

இன்று மூன்று மணிக்குப் பாடசாலையில் பெற்றோர் கூட்டம். சிவசாமியை நிறுத்திவிட்டு, தர்ஷன் என்ற வேறொரு டிரைவரைப் போடச் சொல்லி முடிவெடுக்கப் போகிறார்கள். நாளைக் காலை ஆறு மணிக்கு அதே வேன் ஓட வேண்டும்.

சுதர்ஷினி பேனாவைக் கீழே வைத்தாள். 'அதே வேன்' என்பதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. சிவசாமி சொல்வது பொய் என்றால் ஒரு மனிதருக்கு வேலை போகும். உண்மை என்றால், நாளைக்கு ஆடும் சக்கரத்தின் மேல் பதினாலு பிள்ளைகள் மலையிறங்குவார்கள். அதுவும் அந்த ஆட்டத்துக்குப் பழகாத புது டிரைவரோடு.

"சிவசாமி இப்ப எங்க?"

"விஜிதரன்ட கராஜ்ல. வேனுக்கு முன்னால பெட்டி ஒன்னப் போட்டு ஒக்காந்திட்டான். டயர சரி பண்ணாம வேன வெளிய எடுக்கிறதா இருந்தா என் மேல ஏத்திட்டுப் போங்கன்றான்."

"விஜிதரன் பாஸ் எப்புடி வேல பாக்குறாரு?" என்றான் நிரோஷன்.

"அவனச் சுத்தித்தான் நடக்கிறாரு. ஸ்பேனர் கேட்டா எடுத்துக் குடுக்கிறானாம்."

கை முறிந்த பிள்ளையைப் பார்க்கக் கொட்டகலை நோக்கிப் போன த்ரீவீலரில் நிரோஷன் வழக்கை முடித்து வைத்தான்.

"சிம்பிள் மிஸ். தர்ஷனுக்கு அந்த ரூட் வேணும். மூணு பாஸ்மாரையும் கைக்குள்ள போட்டுக்கிட்டான்."

"ஒரே வண்டியப் பத்தி ரெண்டு பாஸ்மார் ஒரே மாதிரி பேசி நீ எப்பயாச்சும் கேட்டிருக்கியா?"

நிரோஷன் யோசித்தான். "இல்லங்க மிஸ்."

"இங்க டயர் ஆடலன்னு மூணு பேரும் ஒரே மாதிரி சொல்றாங்க. யாரு கெஞ்சினாலும் அது நடக்காது. அப்ப மூணு பேரும் கண்டதத்தான் சொல்றாங்க."

"அப்ப சிவசாமி அண்ணேதான் பொய்காரர்."

"பொய்காரர் எதுக்கு வண்டிக்கு முன்னால பெட்டியப் போட்டு ஒக்காரணும்?"

நிரோஷன் வழக்கை மறுபடியும் திறந்து வைத்தான்.

கை முறிந்த பிள்ளையின் வீடு தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் மூன்றாவது. பிள்ளையின் பெயர் தனுஜா, வயது ஒன்பது. இடது கையில் மாவுக்கட்டு. தாய் பூரணி கொழுந்து பறிப்பவர். ஐந்து நாட்களாகக் கோபத்தைச் சூடு ஆறாமல் வைத்திருந்தவர், ஆட்கள் வந்ததும் எடுத்து ஊற்றினார்.

"அந்த ஆளு தூங்கிக்கிட்டு ஓட்டுறாருங்க! பொலிஸ் ஊதச் சொல்லிப் பாத்துச்சு, குடிக்கலன்னு சொல்லிட்டாங்க. அப்ப தூக்கந்தானே?"

"எத வச்சு சொல்றீங்க?" என்றாள் சுதர்ஷினி.

"ஒரு எடத்துல நிப்பாட்டுறதுக்கு ரெண்டு தடவ பிரேக் மிதிக்கிறாருங்க. ஒரு மிதி மிதிப்பாரு. பொறகு திடுக்குன்னு முழிச்சு இன்னொரு மிதி. இவ தினமும் டிரைவர் சீட்டுக்குப் பின்னாடிதான் ஒக்காருவா. எல்லாம் பாத்திருக்கா. ஏய், மிஸ்ஸுக்குச் செஞ்சு காட்டு."

தனுஜா முக்காலியில் உட்கார்ந்து, மாவுக்கட்டுக் கையால் இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்பினாள். வாயாலேயே ஹாரன் அடித்தாள். வளைவு முடிந்ததும் வலது கால் இறங்கியது. தரை வரைக்கும் போனது. மேலே வந்து மறுபடியும் இறங்கியது. இந்த முறை பாதியிலேயே நின்றது.

"ஏன் பாதியில நிப்பாட்டிட்ட?"

"ரெண்டாவது மிதி அவ்வளவுதான் போகும் மிஸ்."

"முதல் மிதி?"

"அடி வரைக்கும் போகும்."

"எப்பவுமா?"

"இல்ல மிஸ். வளைவு திரும்பின பொறகு மட்டும்."

"நேர் ரோட்டுல?" என்று கேட்டான் நிரோஷன்.

"நேர் ரோடு எங்க இருக்கு?" என்றாள் தனுஜா. கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். இந்த மலையில் பிறந்து வளர்ந்த பிள்ளை அவள்.

சுதர்ஷினி எழுந்தாள். "தூங்குற ஆளு வளைவு பாத்துத் தூங்க மாட்டாரு பூரணி. முதல் மிதி வெறுமனே போகுது. அதான் ரெண்டாவது தடவ மிதிக்கிறாரு. வண்டியிலதான் என்னமோ இருக்கு."

"மூணு பேர் பாத்து இல்லன்னு சொல்லிட்டாங்களே?"

"அதப் பாக்கத்தான் போறோம். நீங்களும் வாங்க."

"வர்றேங்க. அந்த ஆள மூஞ்சிக்கு நேரா நாலு கேள்வி கேக்கணும்." பூரணி பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, சுவெட்டரை மாட்டிக்கொண்டு வந்தார்.

விஜிதரனின் கராஜ் சரிவில் இருந்தது. ஹட்டனில் கராஜ் சரிவில் இருந்தது என்று எழுதுவது, மீன் கடையில் மீன் இருந்தது என்று எழுதுவது மாதிரி. அங்கே கை தவறி விழும் நட்டை யாரும் குனிந்து தேடுவதில்லை. இரண்டு கடை தள்ளிக் கீழே இருக்கும் ரொட்டிக் கடைக்காரர் ஒரு டின்னில் சேர்த்து வைத்திருப்பார், சாயந்திரம் போய் வாங்கிக்கொள்வார்கள்.

வேனுக்கு முன்னால் பெட்டியின் மேல் சிவசாமி உட்கார்ந்திருந்தார். ஐம்பத்து நாலு வயது. அயர்ன் பண்ணின சட்டை, கழுத்து வரைக்கும் பொத்தான். பூரணியைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"பிள்ளைக்குக் கை எப்புடிம்மா இருக்கு?"

பூரணி ஐந்து நாட்களாகத் தயார் செய்த நாலு கேள்விகளுக்குள் இதற்குப் பதில் இல்லை. "ராவுல வலிக்குதுன்றா," என்று மட்டும் சொன்னார்.

"மிஸ், பேச்சே வேணாம்," என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்தார் விஜிதரன். "கண்ணுக்கு முன்னால தூக்கிக் காட்டுறேன். பாத்துட்டு இந்த அண்ணன வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. எனக்கு வேல ஓடல."

முன்பக்கம் ஜாக்கி ஏறியது. பின் டயருக்குக் கல்லைத் தூக்கி வந்து முட்டுக் கொடுத்தது சிவசாமிதான். கொடுத்துவிட்டு, யாரும் சொல்லாமலே டிரைவர் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். தனக்கு எதிராக நடக்கும் பரிசோதனைக்கும் ஒத்தாசை செய்கிற மனிதர்.

விஜிதரன் இடது முன் டயரின் தலையில் ஒரு கையும் அடியில் ஒரு கையும் வைத்து, உள்ளும் வெளியுமாக உலுக்கினார். வேன் லேசாகக் குலுங்கியது. டயர் ஆடவில்லை.

"நீங்க பாருங்க."

பூரணி உலுக்கிப் பார்த்தார். தேயிலைக் கூடை சுமக்கிற கை, சும்மா ஒன்றும் உலுக்கவில்லை. "பாறை மாதிரி நிக்குதுங்க," என்று வேனுக்குள் இருந்த மனிதரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் திரும்பி வந்திருந்தது.

"ஓடுறப்ப ஆடுதும்மா," என்றார் சிவசாமி ஜன்னல் வழியாக. "சத்தியமா ஆடுது." அவருடைய குரல் உடைந்திருந்தது. மூன்று கராஜில் சொல்லித் தேய்ந்துபோன வாக்கியம் அது. அவருக்கே அதில் இப்போது பாதி நம்பிக்கைதான்.

"மிஸ்," என்றான் நிரோஷன் மெல்ல, "நம்ம ஆளு அவுட்."

சுதர்ஷினி ஜன்னல் அருகே போனாள். "டிக்கோயாவுல எப்புடிப் பாத்தாங்கண்ணே?"

"இதே மாதிரித்தாங்க. ஜாக்கி போட்டு, பின்னுக்குக் கல்லு வச்சு."

"கொட்டகலையில?"

"அங்கயும் அப்புடித்தான்."

"அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

கேள்வி அவருக்கு விளங்கவில்லை. "எங்க இருப்பேன்? இங்கதான்." ஸ்டியரிங்கைத் தட்டிக் காட்டினார்.

சுதர்ஷினி திரும்பி வந்தாள். "நிரோ, மூணு கராஜ், மூணு பாஸ், மூணு ஜாக்கி. எல்லாமே வேற வேற. எது மாறல?"

"வேன் மாறல."

"பொறகு?"

"கல்லு? இல்ல, கல்லும் வேற." நிரோஷன் தலையைச் சொறிந்தான். "சிவசாமி அண்ணே மாறல."

"அவர்கிட்ட எது மாறல?"

நிரோஷன் திறந்த ஜன்னல் வழியாகத் தலையை உள்ளே விட்டுப் பார்த்தான். சட்டை, பெல்ட், முழங்கால் என்று பார்வை இறங்கிக்கொண்டே போய் பாலிஷ் போட்ட ஒரு கறுப்புச் சப்பாத்தில் நின்றது. அந்தச் சப்பாத்து பிரேக்கின் மேல் முழுப் பலத்தோடு இருந்தது. தலையை வெளியே எடுத்தபோது அவனுடைய வாய் திறந்திருந்தது, பகிடி ஒன்றும் வரவில்லை.

"சிவசாமி அண்ணே," என்றாள் சுதர்ஷினி, "எறங்கி ஒரு பிளேன்டீ குடிங்க."

"எறங்கவா?" சிவசாமி திடுக்கிட்டார். "வண்டி தூக்கியிருக்குங்களே!"

"மிஸ், அது ஏலாது!" என்று விஜிதரனும் ஓடி வந்தார்.

இரண்டு பேரும் பதறியதில் காரணம் இருந்தது. இந்த மலையில் எந்த வண்டியை ஜாக்கியில் ஏற்றினாலும் பின் டயருக்கு ஒரு கல், பிரேக்கின் மேல் ஒரு கால். ஹேண்ட் பிரேக்கை நம்பி வண்டியைத் தூக்குகிறவனை ஆட்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ஜாக்கியிலிருந்து நழுவி, தேயிலைக்குள் இறங்கி, மூன்று மலை வரிசை தாண்டிப் போய் நின்ற லொறியின் கதையை ஒவ்வொரு கராஜிலும் சொல்வார்கள். ஒவ்வொரு கராஜிலும் அது அவர்களுடைய கராஜில் நடந்ததாகத்தான் சொல்வார்கள்.

"கல்ல கூட்டுவோம்," என்றாள் சுதர்ஷினி. "கட்டையும் வைப்போம்."

நிரோஷன் நாலு கல்லும் ஒரு மரக்கட்டையும் தூக்கி வந்து போட்டான். "துப்பறியிற வேலைன்னு சொல்லித்தான் என்ன சேத்தீங்க மிஸ்." ஐந்தாவது கல்லுக்கு அவள் கை காட்டினாள். அதையும் தூக்கினான்.

சிவசாமி இறங்கினார். ஒரு கால் தரையில் வைத்தும் மறு காலை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. விஜிதரன் டயரின் முன்னால் குந்தி, தலையிலும் அடியிலும் கை வைத்து உலுக்கினார்.

கடக்.

விஜிதரன் இன்னொரு முறை உலுக்கினார். கடக், கடக். பூரணி அவரை நகரச் சொல்லிவிட்டுத் தானே பிடித்தார். ஐந்து நிமிடத்துக்கு முன் பாறையாக நின்ற டயர், பல் விழப்போகும் பிள்ளையின் பல்லைப் போல ஆடியது.

"நிரோ, ஏறி பிரேக்க மிதி."

மிதித்தான். டயர் நின்றது.

"விடு."

கடக்.

"பேரிங்," என்றார் விஜிதரன். முகம் செத்திருந்தது. "பேரிங் தேஞ்சிருக்கு மிஸ். பிரேக் மிதிச்சா பேட் ரெண்டும் உள்ளுக்க டயரோட சுத்துற தட்ட இறுக்கிப் புடிச்சிரும். எவ்வளவு தேஞ்சிருந்தாலும் காட்டாது. மிதிச்ச பொறகும் ஆடினாத்தான் டயரத் தாங்குற போல்-ஜொயின்ட்ல பிழை. ரெண்டையும் பிரிச்சுப் பாக்குற வழியே அதான். முதல் வருஷத்துலயே படிச்சுக் குடுத்தாங்க."

"பொறகு ஏன் பாஸ் செய்யல?" என்றான் நிரோஷன்.

"கொழும்புலதான் படிச்சேன்," என்றார் விஜிதரன். "அங்க தரை சமமா இருந்துச்சு."

அவர் பகிடி விடவில்லை. அங்கே தூக்கிய வண்டியில் யாரும் ஏறி உட்கார்ந்ததில்லை. இங்கே வந்த நாளிலிருந்து யாரும் ஏறி உட்காராமல் அவர் வண்டி தூக்கியதில்லை. பிரேக் மேல் ஒரு கால் இருக்கிறது என்பது கூரை இருக்கிறது என்பதைப் போல. யார் அண்ணாந்து பார்க்கிறார்கள்?

சுதர்ஷினி பூரணியிடம் சொன்னாள்: "வளைவுல டயர் ஆடுறப்ப அந்தத் தட்டு பேட்டத் தள்ளி விட்டுருது. அடுத்த மிதி வெறும் மிதி. அதனாலதான் இவர் ரெண்டு தடவ மிதிச்சாரு. செவ்வாக்கெழம ரெண்டாவது மிதிக்கு நேரம் பத்தல."

பூரணி தலையை ஆட்டினார்.

சிவசாமி கையில் கொடுத்திருந்த டீக் கோப்பையை வேன் படியில் வைத்தார். அவர் ஜெயித்துவிட்டார். ஒரு மாதமாக அவர் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் உண்மை என்று டயரே சொல்லிவிட்டது. ஆனால் அவருடைய முகத்தில் ஜெயித்தவரின் களை இல்லை.

"அப்ப மூணு எடத்துலயும் அத மறைச்சது நான்தானா?"

"குற்றவாளி உங்க வலது கால்தாண்ணே," என்றான் நிரோஷன். சொன்ன மறு நொடியே சொல்லியிருக்கக் கூடாது என்று அவனுக்குப் பட்டது. ஆனால் சொல்லியாகிவிட்டது.

சிவசாமி குனிந்து அந்தக் காலைப் பார்த்தார். "டிக்கோயாவுல நான் எறங்கி நின்னிருந்தா அன்னைக்கே புடிச்சிருப்பாங்க. அந்தப் பிள்ள கை முறிஞ்சிருக்காது." பெட்டியை எடுத்து ஓரமாக வைத்தார். "வேன சரி பண்ணிட்டு தர்ஷனுக்கே குடுக்கச் சொல்லுங்க. எனக்கு வேணாங்க. இனிமே எந்த மூஞ்ச வச்சிக்கிட்டு அந்தப் பிள்ளைகள ஏத்துறது?"

மூன்று மணிக் கூட்டம் மூன்றே காலுக்குத் தொடங்கியது. இப்றாஹிம் எழுந்து, வேனில்தான் பிழை என்றும், விஜிதரன் இரண்டு பக்கமும் புது பேரிங் மாற்றிக்கொண்டிருக்கிறார் என்றும், தான் ஆளை நம்பாதது தப்பு என்றும் சொல்லி உட்கார்ந்தார். கூட்டம் அத்தோடு முடிந்திருக்கும். யாரும் கேட்காமலே சிவசாமி எழுந்தார்.

மூன்று கராஜையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். மூன்றிலும் தன் கால் எங்கே இருந்தது என்பதையும் சொன்னார். தன்னைப் பற்றித் தானே சாட்சி சொன்னார், குறுக்கு விசாரணைக்கு இடமே வைக்கவில்லை. கடைசியில், "பிழைய நான்தான் மறைச்சேன். தெரியாமத்தான், ஆனா நான்தான். வேற ஆளப் போட்டுக்குங்க," என்றார்.

கதவோரம் நின்ற சுதர்ஷினி இதை எதிர்பார்க்கவில்லை. துப்பறிகிறவர்கள் உண்மையைக் கண்டுபிடித்துக் கொடுப்பதோடு சரி, அதை ஆட்கள் என்ன செய்வார்கள் என்பது அவர்கள் கையில் இல்லை.

"அவரே வேணாம்னு சொல்றாரு," என்றார் பின்வரிசையில் ஒரு தகப்பன். "அப்ப தர்ஷனையே போட்டுருவோம்."

பூரணி எழுந்தார். அவர் பேசப் போகிறார் என்றதும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முறிந்த கை அவர் மகளுடையது.

"இந்த ஆள நிப்பாட்டணும்னு அஞ்சு நாளா வீடு வீடா ஏறி எறங்கினது நான்தாங்க. என்ன குத்தம்னு தெரியாமத்தான் ஏறி எறங்கினேன். இப்ப தெரிஞ்சிருச்சு. நின்ன வண்டியிலகூட பிரேக்கு மேல இருந்து கால எடுக்கல. அதான் அவரு செஞ்ச குத்தம். அதுக்காக இவர நிப்பாட்டிட்டோம்னா, பொறகு எந்த மாதிரி ஆளு கையிலங்க நம்ம பிள்ளைகள ஏத்தி விடுறது?"

பூரணி உட்கார்ந்தார். பின்வரிசைத் தகப்பன்தான் எழுந்து சிவசாமியின் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, நாளைக்கு ஆறு மணிக்கா, ஆறேகாலுக்கா?"

சிவசாமியால் உடனே நேரம் சொல்ல முடியவில்லை. அவர் அழுதுகொண்டிருந்தார்.